டர்பனில் சிறப்புப் பள்ளி வேலைக்குச் சேர்கிறீர்களா? முதல் பருவத்துக்கு ஒரு வழிகாட்டி

இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, காலை ஏழேகாலுக்குப் பள்ளி வாசலில் நின்று வேன்களை எண்ணுவது. பி.எட். முடித்து, மதுரையில் நான்கு வருடம் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து இங்கே வேன் எண்ணுகிறோமே என்று முதல் வாரம் மனசு சுருங்கிப்போனது. மூன்றாவது வாரத்தில்தான் விஷயம் பிடிபட்டது. எந்தப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு இறங்குகிறது, எது தூங்காத கண்ணோடு வருகிறது, எது நேற்றைய சட்டையையே போட்டிருக்கிறது என்று கேட்டிலேயே பார்த்துவிட்டால், அன்றைக்கு வகுப்பு எப்படிப் போகும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து, தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கற்றல் வேறுபாடு உள்ள பிள்ளைகளுக்கான பள்ளியில் வேலை தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆசிரியராகத்தான் சேர வேண்டும் என்றில்லை; வகுப்பு உதவியாளராகப் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

முதலில் தாள்கள்

விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி விடாமல் படியுங்கள். கணவரோடோ மனைவியோடோ துணையாக வந்தவர்களுக்கு வேலை பார்க்கும் அனுமதி தானாக வருவதில்லை. "சும்மா உதவிக்குத்தானே போகிறேன்" என்ற பேச்சும் எடுபடாது. இதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

ஆசிரியர் வேலை என்றால் அடுத்தது சாக்வா. நம் ஊர்ப் பட்டம் இங்கே எந்த நிலைக்குச் சமம் என்று மதிப்பிட்டுச் சான்று தருவது இந்த அமைப்புதான். அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு சேஸ் என்று எல்லோரும் கூப்பிடும் ஆசிரியர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் மன்றம் அது; அதில் பதியாமல் ஆசிரியராக வகுப்பெடுக்க முடியாது. போலீஸ் சான்றும் கேட்பார்கள். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அங்கிருந்து ஒன்று வாங்கி வந்துவிட்டால் பிறகு அலைய வேண்டாம். பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, உளவியல் படித்தவர்களுக்கு வழி வேறு. அவர்கள் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. என்ற மருத்துவத் தொழில் மன்றத்தில் பதிய வேண்டும்.

சமையலறையோ ஓட்டுநர் வேலையோ, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் யார் சேர்ந்தாலும், பிள்ளைகளோடு வேலை பார்க்கக் கூடாதவர்களைக் குறித்து வைத்திருக்கும் இரண்டு பதிவேடுகளில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்று, 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் கீழ் வரும் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடு. அதற்குப் படிவம் 30. மற்றொன்று பாலியல் குற்றவாளிகள் பதிவேடு. இதைக் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காமல் உங்களைச் சேர்த்துக்கொள்ளும் இடம் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

எங்கே விண்ணப்பிப்பது?

2001-இல் வந்த வெள்ளை அறிக்கை 6 என்ற கொள்கைதான் இந்த நாட்டில் இதற்கெல்லாம் அடித்தளம். அதன்படி பள்ளிகள் மூன்று வகை: சாதாரணப் பள்ளி, கூடுதல் உதவி தரும் முழுச்சேவைப் பள்ளி, சிறப்புப் பள்ளி. சிறப்புப் பள்ளி என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. டர்பனில் உள்ள வி.என். நாயக் காது கேளாதோர் பள்ளி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஆர்தர் பிளாக்சால் பார்வையற்றோருக்கானது. உம்லாசியில் மேசன் லிங்கன் உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கு. எழுத்தும் கணக்கும் மட்டும் பிடிபடாத பிள்ளைகளுக்கென்று தனியாகவும் பள்ளிகள் உண்டு. ரெமிடியல் பள்ளி என்ற பெயரில் தனியார் நடத்துவதும் இருக்கிறது. கட்டணம் கண்ணைக் கட்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு அரசுச் சம்பளப் பதவி உடனே கிடைப்பது கடினம். பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த ஆளுகைக் குழு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் உண்டு. அந்தக் குழு தன் பணத்தில் ஆள் வைக்கலாம். சம்பளம் குறைவுதான், ஆனால் கதவு அங்கேதான் முதலில் திறக்கும். இன்னொரு வழி ஃபெசிலிடேட்டர் வேலை: ஒரே ஒரு பிள்ளையோடு வகுப்பில் உட்கார்ந்து உதவுவது. சம்பளம் பெற்றோர் தருவார்கள். நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி, ஒரே பையனின் பக்கத்தில் ஒரு வருடம் உட்கார்ந்த அந்த வேலையில்தான்.

கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும், நான்கு பருவம். ஜூன் என்று நினைத்துக்கொண்டு ஏப்ரலில் விண்ணப்பம் அனுப்பாதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் பள்ளிக்கு நேரில் போய்ப் பார்த்து, அடுத்த ஜனவரிக்குச் சொல்லி வைப்பது நல்லது.

முதல் இரண்டு வாரம்: பெயர் வைக்காதீர்கள்

என்னிடம் யாராவது ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "கவனமில்லாதவன்", "முரடன்", "ஆட்டிசம் மாதிரி இருக்கிறது" என்றெல்லாம் எழுதக்கூடாது. "பத்தரை மணிக்கு, நாற்காலி இழுபட்ட சத்தம் கேட்டதும், மேசைக்கு அடியில் போனான், நான்கு நிமிடம் இருந்தான்" என்று எழுத வேண்டும். நேரம், அதற்கு முன் நடந்தது, பிள்ளை செய்தது, அப்புறம் நடந்தது. அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அவசரப்பட்டு வைத்த முதல் பெயர் தப்பு. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் என்னை ஏறெடுத்தே பார்க்க மாட்டான். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பான். ஊரில் படித்ததை வைத்துக்கொண்டு "கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு, சக ஆசிரியையிடம் காட்டினேன். இங்கே நிறையப் பேரின் தாய்மொழியான ஜூலு பேசும் பெண்மணி. இருபது வருட அனுபவம். படித்துவிட்டுச் சிரித்தார். "உங்கள் வீட்டில் பெரியவர் திட்டும்போது முறைத்துப் பார்ப்பீர்களா?" என்று கேட்டார். ஜூலு வீடுகளில் பெரியவர் பேசும்போது பிள்ளை தலையைக் குனிவதுதான் மரியாதை. அவன் பாட்டி நன்றாக வளர்த்திருக்கிறார், அதை நான் ஒரு குறையாக எழுதி வைத்திருக்கிறேன். மதுரையில் என் தாத்தா முன்னால் நானும் அப்படித்தானே நின்றேன்!

அந்தப் பையன் ஓய்வு நேரத்தில் தன் வயதுப் பிள்ளைகளைக் கண்ணுக்குக் கண் பார்த்துச் சண்டை போடுவான், சிரிப்பான். அதைப் பார்க்க நான் ஒரு நாள் விளையாட்டுத் திடலில் நின்றிருந்தால் போதும். ஆகவே நோட்டை வகுப்புக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாட்டு வரிசை, கழிப்பறைப் பக்கம், வேன் ஏறும் இடம் எல்லாவற்றிலும் பாருங்கள்.

எதையும் "கற்றல் குறைபாடு" என்று நினைக்கும் முன் இந்த நான்கையும் விசாரியுங்கள்: கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, காலையில் சாப்பிட்டதா, இரவு தூங்கியதா. கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாமல் "சோம்பேறி" பட்டம் வாங்கிய பிள்ளைக்குக் கடைசியில் கண்ணாடிதான் தேவைப்பட்டது என்பது எங்கள் ஆசிரியர் அறையில் பழைய கதை. தீபாவளி வாரத்தில், இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் நள்ளிரவு தாண்டியும் வெடிச் சத்தம் கேட்கும். மறுநாள் சத்தம் தாங்காத பிள்ளைகள் உடைந்துபோய் வரும். அந்த வாரம் புதுப் பாடம் எடுக்காதீர்கள்.

பேச்சு, மொழி

பெயர்ப்பட்டியலில் மூட்லி, கோவெண்டர், பிள்ளை, நாயுடு என்று பார்த்ததும் நமக்கு நாக்கு துறுதுறுக்கும். முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்களோடு மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. அது ஐந்தாறு தலைமுறைக்கு முந்தைய கதை. பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஆங்கிலம். ஆயா, தாத்தா, காவடி போன்ற சொற்கள் தங்கியிருக்கும். நாம் ஆடி மாதம் கூழ் ஊற்றுவது இங்கே "பாரிட்ஜ் ப்ரேயர்". நான் முதல் நாள் ஒரு மூட்லிப் பையனிடம் "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டேன். அவன் பக்கத்தில் இருந்தவனிடம் ஆங்கிலத்தில் சொன்னான்: "மேம் கோயில் பாஷை பேசுகிறார்."

தமிழைவிட ஜூலுதான் இங்கே கைகொடுக்கும். பத்துச் சொல் போதும் தொடங்க. எல்லோருக்கும் வணக்கம் சொல்ல "சனிபோனானி". வா என்பதற்கு "வோசா". காது கொடுத்துக் கேள் என்பதற்கு "லாலேலா". "உலம்பிலே?" என்றால் பசிக்கிறதா. "குபூஹ்லுங்கு?" என்றால் வலிக்கிறதா. கடைசி இரண்டையும் முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள். அழும் பிள்ளையிடம் வேறெந்தக் கேள்வியும் அவ்வளவு பயன்படாது. காது கேளாதோர் பள்ளி என்றால் சைகை மொழி படிக்காமல் வேலை நடக்காது. 2023-இல் தென்னாப்பிரிக்கச் சைகை மொழியை நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழியாக்கிவிட்டார்கள்.

ஆங்கிலத்திலும் ஒரு பொறி இருக்கிறது. இங்கே "ஜஸ்ட் நவ்" என்றால் இப்போதே என்று அர்த்தமில்லை. "அப்புறம், எப்பவாவது" என்று அர்த்தம். "நவ் நவ்" என்றால்தான் கொஞ்சம் சீக்கிரம். நமக்கே இது குழப்பும். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் ஆட்டிசப் பிள்ளையின் பாட்டை யோசித்துப் பாருங்கள். "ஜஸ்ட் நவ் விளையாடப் போகலாம்" என்று ஒரு உதவியாளர் சொன்னதை நம்பி, ஒரு சிறுமி கதவருகே தொப்பியோடு நாற்பது நிமிடம் நின்றாள். பிறகு அழுதாள். அன்றிலிருந்து என் வகுப்பில் அந்தச் சொல் கிடையாது. படம் ஒட்டிய அட்டைகளைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிடுவோம்: புத்தகம், தட்டு, பந்து, வேன். முடிந்ததைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். "இன்னும் இரண்டு அட்டை, அப்புறம் பந்து" என்றால் அவளுக்குப் போதும்.

"ஷேம்" என்று யாராவது சொன்னால் வெட்கப்பட வேண்டாம். இந்த ஊரில் அது "ஐயோ பாவம்" அல்லது "எவ்வளவு அழகு" என்ற பொருளில் வரும். அந்தப் பாவம் பார்ப்பதை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து. பாவம் பார்க்கிறவர் பிள்ளையின் ஷூ நாடாவைத் தானே கட்டிவிடுகிறார். பிள்ளை கட்டக் கற்றுக்கொள்வதே இல்லை.

வாசிப்பு: ஒரு பையன், ஒரு தட்டு மணல்

இங்கே நிறையப் பிள்ளைகள் முதல் மூன்று வகுப்பை ஜூலுவில் படித்துவிட்டு நான்காவதில் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். அந்த இடத்தில் தடுக்கி விழுந்து, "வாசிப்புக் குறைபாடு" என்று நம்மிடம் வந்து சேருவதும் உண்டு. ஜூலு எழுத்து ஓரளவு தமிழ் மாதிரி: எழுதியிருப்பதைச் சொன்னால் சரியாக வந்துவிடும். ஆங்கிலம் அப்படியா? ஆகவே முதல் வேலை, பிள்ளையை ஜூலுவில் வாசிக்கச் சொல்லிக் கேட்பது. உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீளமான ஜூலுச் சொல்லைச் சரளமாக வாசிக்கிற பிள்ளைக்கு வேண்டியது ஆங்கிலம். ஜூலுவிலும் எழுத்து எழுத்தாக மூச்சு வாங்குகிற பிள்ளைக்கு வேண்டியது வேறு.

நான் சொன்னேனே, ஒரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்று, அந்தப் பையன் இரண்டாவது வகை. ஆங்கிலத்தின் சின்ன பி-யும் (b) டி-யும் (d) அவனுக்கு ஒன்றுதான். வயிறு எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுவான். கண், காது, வாய், விரல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்த்து எழுத்தைக் கற்பிக்கும் முறையை 1930-களில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் வகுத்தார்கள். இன்றைக்கும் பல ரெமிடியல் வகுப்புகளின் அடிப்படை அதுதான். படித்தபோது எனக்கு விஜயதசமிதான் ஞாபகம் வந்தது. அரிசியில் விரலைப் பிடித்து "அ" எழுதவைத்து, வாயாலும் சொல்லச் சொல்வோமே!

உற்சாகத்தில் மறுநாள் ஒரு தட்டில் மக்காச்சோள மாவைக் கொட்டிக் கொண்டுபோனேன். வகுப்பு உதவியாளர் அம்மா ஒன்றும் பேசாமல் மாவை மறுபடியும் பைக்குள் கொட்டினார். "இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இதுதான் இரவுச் சாப்பாடு, இதில் எழுத வேண்டாம்" என்றார். சாயந்திரம் கடற்கரைக்குப் போய் மணல் அள்ளி, அலசிக் காயவைத்து எடுத்துவந்தேன். டர்பனில் மணலுக்கா பஞ்சம்.

ஒரு நாளைக்கு ஒரே எழுத்து, பத்து நிமிடம். விரலால் பெரிதாக எழுத வேண்டும், ஒலியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அழித்து மறுபடி எழுத வேண்டும். பி-யை முழுசாகப் பிடிக்கும்வரை டி பக்கமே போகவில்லை. அதற்கு மூன்று வாரம் ஆனது. இரண்டையும் ஒன்றாகக் காட்டி "எது எது?" என்று சோதிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. இடது கையால் எழுதினால் விட்டுவிடுங்கள். நம் வீட்டுப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகக்கூடாது.

படிவங்கள்

உதவி தேவைப்படும் பிள்ளையை அடையாளம் கண்டு மதிப்பிட, 2014 முதல் எஸ்.ஐ.ஏ.எஸ். என்ற நடைமுறை இருக்கிறது. பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்பதை முதல் படிவத்தில் வகுப்பாசிரியர் எழுதுவார், இரண்டாவதைப் பள்ளியின் ஆதரவுக் குழு நிரப்பும், மூன்றாவது மாவட்டக் குழுவுக்குப் போகும். உங்கள் நாற்பது பக்க நோட்டு உயிர்பெறுவது இங்கேதான்: "எத்தனை முறை, எப்போது, என்ன செய்து பார்த்தீர்கள்" என்று படிவம் கேட்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துக் காட்ட ஒருவர், சொல்வதை எழுத ஒருவர் என்று சலுகை வாங்கவும் இதே தாள்கள்தான் ஆதாரம்.

மாத்திரை, வலிப்பு

கவனக்குறைவுக்கும் அதீதச் சுறுசுறுப்புக்கும் தரும் ரிட்டாலின் போன்ற மாத்திரைகள் இந்த நாட்டில் ஷெட்யூல் 6, அதாவது கடுமையான கட்டுப்பாடு உள்ள மருந்துப் பட்டியலில் இருப்பவை. மாதாமாதம் மருத்துவரிடம் புதுச் சீட்டு வாங்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டித் திரும்ப வாங்க முடியாது. பாட்டியால் அந்த வாரம் கிளினிக் வரிசையில் நிற்க முடியவில்லை என்றால் மாத்திரை தீர்ந்துவிடும். மாதக் கடைசியில் ஒரு பிள்ளை திடீரென்று தலைகீழாக மாறினால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். இந்த மாத்திரை பசியையும் குறைக்கும். மத்தியானம் தட்டைத் தள்ளிவிடும் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒரு ரொட்டியை மூடி வைத்து வேன் ஏறும்போது கையில் கொடுங்கள். பெற்றோரின் எழுத்துமூல அனுமதியும் பள்ளியின் பதிவேடும் இல்லாமல் எந்த மாத்திரையையும் நீங்கள் கொடுக்கக்கூடாது, தலைவலி மாத்திரைகூட.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடாதீர்கள். கையில் இரும்பு கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள நாற்காலியை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், முடிந்தவுடன் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்: 10177, கைபேசியிலிருந்து 112. ஒரு பிள்ளைக்கு இதுதான் முதல் வலிப்பு என்றால் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கை, போன், வாய்

1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டப்படி அடிப்பது குற்றம். "செல்லமாக ஒரு தட்டு"கூட அதில் சேரும். நம்மில் பலர் பிரம்படி வாங்கி வளர்ந்தவர்கள். கை தன்னால் எழும். எழுந்தால் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நான் போயிருக்கிறேன்.

பிள்ளையின் உடம்பில் காயமோ, பேச்சில் ஏதோ தப்பாகத் தெரிந்தாலோ, ஆசிரியருக்கு மறைக்கும் உரிமை கிடையாது. குழந்தைகள் சட்டப்படி படிவம் 22-இல் தெரிவித்தே ஆக வேண்டும். துருவித் துருவி விசாரிப்பது நம் வேலை இல்லை. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு உடனே பொறுப்பாளரிடம் போங்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிள்ளைகள் படம் வேண்டவே வேண்டாம். தனிநபர் தகவல் சட்டம் இங்கே கடுமை. சட்டம் இல்லாவிட்டாலும் அது தப்பு.

வீட்டாரோடு பேசுவது

பள்ளிக்கு வருவது பெரும்பாலும் பாட்டிதான். ஜூலுப் பாட்டியை "கோகோ" என்று கூப்பிடுங்கள். இந்தியக் குடும்பத்துப் பெண்களை "ஆன்ட்டி". புகார் மட்டும் சொல்ல அழைத்தால் மூன்றாவது முறை வரமாட்டார்கள். நான் வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு வீட்டுக்கு, பிள்ளை அந்த வாரம் செய்த ஒரு நல்ல காரியத்தைக் குரல் பதிவாக அனுப்புகிறேன். ஜூலுவில் சொல்ல வேண்டியதைச் சக ஆசிரியை சொல்லித் தருவார். என் உச்சரிப்பைக் கேட்டு வீடே சிரிப்பதாகக் கேள்வி. சிரிக்கட்டும். முழுநேரப் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைக்கு சாசா என்ற அரசு உதவித்தொகை அலுவலகம் தரும் பராமரிப்பு உதவித்தொகை பற்றி நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. பள்ளியின் சமூகப் பணியாளரிடம் அனுப்பி வையுங்கள்.

மத்தியானம் மறுபடி கேட்

பள்ளி விட்டதும் ஓட்டுநர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்குவார்கள். எந்தப் பிள்ளை எந்த வேன், ஓட்டுநர் யார், வண்டி எண் என்ன என்ற தாளை அட்டையில் ஒட்டிக் கையிலேயே வைத்திருங்கள். ஓட்டுநர் மாறி வந்திருந்தால், எவ்வளவு தெரிந்த முகமாக இருந்தாலும், வீட்டுக்குப் போன் செய்து கேட்காமல் ஏற்றாதீர்கள். அவர் திட்டுவார், திட்டட்டும். சத்தம் தாங்காத பிள்ளைகளைக் கடைசியில் கூட்டி வாருங்கள். பெல்ட் மாட்டியிருக்கிறதா என்று வேனுக்குள் தலையை விட்டுப் பாருங்கள், எண்ணுங்கள், தாளில் நேரத்தைக் குறியுங்கள். கடைசி வேன் வளைவு திரும்பும்வரை அங்கேயே நின்றுவிட்டு, அப்புறம் உள்ளே போய் டீ குடியுங்கள்.